ஆறு பேருக்கு மேல் வேண்டாம்

கராத்தே வகுப்பு பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "நீங்க எந்த ஃபெடரேஷன் மாஸ்டர்?" எதிலும் இல்லை என்பேன். "அப்போ சர்ட்டிஃபிகேட் யார் தருவாங்க?" யாரும் தரமாட்டார்கள் என்பேன். இதற்குப் பிறகும் போனை வைக்காமல் பேசுகிறவர்களோடுதான் எனக்கு வேலை.

வகுப்பு மொட்டை மாடியில் நடக்கிறது. ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஏழாவதாக ஒருவர் வந்தால், யாராவது நிற்கும்வரை காத்திருக்கச் சொல்கிறேன். கூட்டம் சேர்வது நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது சாதாரண வகுத்தல் கணக்கு. நாற்பது பேர் நிற்கும் ஒரு மணி நேர வகுப்பை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். வரிசை கட்டுவது, வார்ம்-அப், தாமதமாக வந்தவரை உள்ளே விடுவது என்று கழித்துப் பார்த்தால் அதுவும் தேறாது. ஆறு பேர் என்றால் பத்து நிமிஷம். ஒருவருடைய இடுப்பு எந்த இடத்தில் பூட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும்.

இடுப்பு, தோள் என்றெல்லாம் பொதுவாகச் சொல்வதைவிட ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். சான்ச்சின் என்று ஒரு கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மெதுவாக மூன்று அடி முன்னே வைப்பது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து, மூச்சு. முன்காலின் குதிகாலும் பின்காலின் விரல்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும், பாதங்கள் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு முஷ்டி அளவு இடம். இதைப் புத்தகத்தில் படித்தே தெரிந்துகொள்ளலாம். புத்தகம் சொல்லித்தராத இடம் ஒன்று இருக்கிறது. என்னிடம் வரும் உயரமான பையன் ஒருவன், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தோளைத் தூக்கிவிடுவான். "தோளை இறக்குடா" என்றால் இறக்குவான். அடுத்த மூச்சில் மறுபடி காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எத்தனை தடவை சொன்னாலும் இதுதான் கதை. ஏனென்றால் நான் தோள் என்றதும் அவன் கவனம் முழுக்கத் தோளுக்குப் போய்விடுகிறது. கவனம் போன இடம் இறுகிவிடுகிறது. ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அவன் அக்குளுக்குக் கீழே, முதுகின் பக்கவாட்டுத் தசையில் இரண்டு விரலை வைத்து, "இதைத் தள்ளு, என் விரலை வெளியே தள்ளு" என்றேன். தள்ளினான். தோள் தானாக இறங்கியது. அவனுக்கே ஆச்சரியம். அப்படியே அடுத்த மூச்சையும் எடுக்கச் சொல்லி, விரலை எடுக்காமல் அவனோடு மூன்று அடி நடந்தேன்.

அந்த நேரத்தில் மற்ற ஐந்து பேர் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். அதுவும் பாடம்தான். அந்த வகுப்பு முடிவதற்குள் இன்னொரு பெண் தன் ஜோடியின் அக்குளுக்குக் கீழே அதே இரண்டு விரலை வைத்துக்கொண்டிருந்தார். வரிசையாக நின்று முன்னால் இருப்பவனின் முதுகையே பார்க்கும் வகுப்பில் இது நடக்காது.

(தொட்டுத் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. கேட்காமல் யாரையும் தொடுவதில்லை. வேண்டாம் என்றால் அவர்கள் கையையே அந்த இடத்தில் வைக்கச் சொல்வேன், அல்லது என் தோளில் அவர்கள் கையை வைத்து அசைவை உணரச் சொல்வேன். கற்றுக்கொடுக்க இன்னொரு வழி எப்போதும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் மாடியேறி வந்து உட்காரலாம். வரக்கூடாது என்று சொல்லும் மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.)

சிலர் என்னிடம், "நீங்க பாரம்பரியத்தை விட்டுட்டீங்க, வரிசை இல்ல, பெல்ட் இல்ல, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறது இல்ல" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் பாரம்பரியம் என்று நினைப்பதில் பாதி, வகுப்பு பெரிதான பிறகு வந்தது.

கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கராத்தே கற்றவர்கள் ஆசிரியரின் வீட்டு முற்றத்தில் கற்றார்கள். ஒருவர், இருவர், மிஞ்சினால் நாலைந்து பேர். அங்கே கற்ற ஃபுனகோஷி கிச்சின் என்ற மாஸ்டர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: இரவில் தன் ஆசிரியர் ஆசாத்தோவின் வீட்டுக்கு நடந்துபோய், ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வாராம். மாதக்கணக்கில் அதே கட்டா. ஆசாத்தோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். திருப்தி வரும்வரை அடுத்ததுக்குப் போக விடமாட்டார். டெக்கி என்ற மூன்று சிறிய கட்டாக்களுக்கே பத்து வருஷம் ஆனதாகவும் சொல்கிறார். அதே தீவின் நாஹாவில், மியாகி சோஜுன் என்ற இன்னொரு மாஸ்டரின் ஆசிரியர் ஹிகாஓன்னா கான்ரியோவும் அப்படித்தான். மாணவனுக்கு முதலில் சான்ச்சின், அப்புறமும் சான்ச்சின், வருஷக்கணக்கில் சான்ச்சின்.

இந்த முற்றத்துக்கு வெளியே கராத்தே வந்தது 1901-இல். இத்தோசு அங்க்கோ என்ற மாஸ்டர் அதை ஒக்கினாவாவின் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1908-இல் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் ஒன்றும் எழுதினார். பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொடுத்தால் பிற்காலத்தில் ராணுவத்துக்கும் பயன்படும் என்பது அதில் ஒரு வாதம். பிள்ளைகளுக்காக பினான் என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தவரும் அவரே. ஒரு ஆசிரியர், எதிரே பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் என்று ஆனபின், உடற்பயிற்சி வகுப்பு மாதிரி வரிசையும் கட்டளையும் எண்ணிக்கையும் வேண்டியிருந்தன. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கராத்தே என்ற பெயரே நம் காதுக்கு வந்திருக்காது.

பெல்ட்டும் ஒக்கினாவாவில் பிறந்ததல்ல. டான் என்கிற படிநிலை ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1883-இல் கொண்டுவந்தது. ஃபுனகோஷி 1922-இல் டோக்கியோ போய், கானோவின் ஆதரவோடு கராத்தேயை அங்கே காட்டி, 1924-இல்தான் கராத்தேயில் முதல் டான்களை வழங்கினார். கலர் கலரான பெல்ட்டுகள் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது பிரபலமானவை. மியாகி சோஜுனோ 1953-இல் இறக்கும்வரை தன் மாணவர் யாருக்கும் டான் கொடுக்கவில்லை. பிளாக் பெல்ட் இல்லாமல் கராத்தேயா என்று என்னிடம் கேட்பவர்களிடம் இவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஜூடோவின் தாய்ப்பள்ளியான கானோவின் கோடோகான், 1882-இல் ஒரு கோயிலுக்குள் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் தொடங்கியது. சுமார் இருநூறு சதுர அடி. என் மாடியே அதைவிடப் பெரிது. சின்ன வகுப்பு என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. பெரிதானதாலேயே கெட்டுப்போவதும் இல்லை. அளவு மாறும்போது சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயமே மாறிவிடுகிறது, அதுதான் என் கவலை.

எப்படி மாறுகிறது என்றால், நைஹான்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன டெக்கியின் பழைய பெயர்தான் அது. பக்கவாட்டில் மட்டுமே நகரும் கட்டா. தொடக்கத்தில் ஒரு கையை விரித்துப் பக்கவாட்டில் நீட்டி, மறுகையின் முழங்கையை அந்த உள்ளங்கையில் அடிப்போம். பெரிய வகுப்பில் நான் கற்றபோது இந்த இடத்தில் நாற்பது பேரின் உள்ளங்கையிலிருந்தும் ஒரே நேரத்தில் "படார்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒன்றாக வந்தால் மாஸ்டர் சந்தோஷப்படுவார். அந்த உள்ளங்கை எதற்கு நீள்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது என் வகுப்பில் அந்த அசைவை ஆள் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எதிரே நிற்பவரின் பிடரியில் அந்த விரித்த கை போய் உட்காருகிறது. அந்தத் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே முழங்கையைக் கொண்டுபோகிறோம். முழங்கை மட்டும் பயணம் செய்து தலையை அடிப்பதில்லை, இரண்டும் நடுவழியில் சந்திக்கின்றன. பிடரியில் கை வைத்த உடனே எல்லோருக்கும் ஒரு விஷயம் புரிந்துவிடும்: எதிராளி சும்மா நிற்கமாட்டார். கழுத்தை இறுக்குவார், பின்னால் போவார், என் கையைத் தட்டிவிடுவார். அப்போது கால் கனமாக இல்லாவிட்டால் நான்தான் அவரை நோக்கி இழுபடுவேன். ஏன் இந்தக் கட்டாவில் முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, அப்படி அசையாமல் நிற்கச் சொல்கிறார்கள் என்று அதுவரை வாயால் சொன்னதெல்லாம் அந்த ஒரு இழுப்பில் விளங்கிவிடும். முழங்கையை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தத் தெரியாதவர் வேகமாகச் செய்ய அனுமதி இல்லை. ஆறு பேர், மூன்று ஜோடி. மூன்று முழங்கையையும் என் கண் பார்த்துக்கொண்டிருக்க முடியும். இருபது ஜோடிகளை வைத்து இதைச் செய்யச் சொன்னால் யாராவது ஒருவருக்குப் பல் போகும். அதனால் பெரிய வகுப்பு நடத்துகிறவர் உள்ளங்கையில் அடிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

சரி, கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு. நான் முன்பு இருந்த அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. கிரேடிங் நாளில் வெளியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். எங்களை அன்றுதான் முதல்முறை பார்ப்பார். பத்துப் பத்துப் பேராக நிறுத்தி ஒரு கட்டா, ஐந்தாறு உதை, கொஞ்சம் குமித்தே, அதாவது ஜோடியாக மோதுவது. எல்லோரும் பாஸ். கட்டணம் கட்டியவர் ஃபெயிலானதை நான் அங்கே பார்த்ததில்லை. இதை எல்லா அமைப்புகளுக்கும் பொருத்திச் சொல்லவில்லை. கறாராகத் தேர்வு வைத்து மாணவரைத் திருப்பி அனுப்புகிற அமைப்புகளும் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது இது.

என்னிடம் பெல்ட் இல்லாததால் "நான் எங்க இருக்கேன் மாஸ்டர்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான். கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது அடையாளம் இருந்தால் மனசுக்குத் தெம்பு, பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. அதனால் நான் நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். "இடது குதிகால் தூக்குது", "குத்தும்போது மூச்சைப் பிடிக்கிறார்", "ஜோடி வேகமாக வந்தால் கண்ணை மூடுகிறார்" என்கிற மாதிரிதான் எழுதுவேன். சரியானதும் அந்த வரியை அடித்துவிடுவேன். நோட்டு திறந்தே இருக்கும், யாருடைய பக்கத்தையும் யாரும் படிக்கலாம். பெல்ட் நிறத்தைவிட அந்த அடித்த வரிகளை எண்ணிப் பார்ப்பதில் அவர்களுக்குப் பெருமை வந்துவிட்டது. ஒரு பையன் தன் பக்கத்தில் எழுத இடமில்லாமல் போனதைக்கூடப் பெருமையாகச் சொல்லித் திரிகிறான்.

சின்ன வகுப்புகளின் கெட்ட பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு விளம்பரமாகிவிடும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த ஆபத்து இங்கே எப்போதும் உண்டு. ஆறு பேர் மட்டும் இருக்கும் இடத்தில், அவர்களைவிடக் கொஞ்சம் தேறியவர் மகா குரு ஆகிவிடலாம். கேட்க ஆள் கிடையாது. தொடாமலேயே ஆளைச் சாய்க்கிறேன் என்று வீடியோ போடுகிறவர்களைப் பாருங்கள், அதில் விழுகிறவர்கள் எல்லோருமே சொந்த மாணவர்கள். அவர்கள் பொய்யாக விழுகிறார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. மாஸ்டரின் கை எப்போது எங்கே வரும் என்று உடம்புக்குப் பழகிவிடுகிறது, கை வருவதற்கு முன்பே உடம்பு இடம் கொடுத்துவிடுகிறது. மரியாதையும் அதில் சேர்ந்துகொள்கிறது. என் வகுப்பிலும் இதன் சின்ன வடிவத்தைப் பார்க்கிறேன். பழைய மாணவர்கள் என் இழுப்புக்கு அழகாகத் தளர்ந்துபோவார்கள். நேற்று வந்தவர் மரம் மாதிரி நிற்பார். புதியவர் நிற்பதுதான் உண்மையான சோதனை.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, ஆட்களைக் கலப்பதுதான். ஜூடோ ஆடும் நண்பர் ஒருவரும் பாக்ஸிங் பயிற்சி கொடுக்கும் இன்னொருவரும் எப்போதாவது மாடிக்கு வருவார்கள். ஜூடோக்காரர் பிடித்தால் எங்கள் பிடிகளில் பாதி வேலை செய்யாது. அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்த வேகத்தில் என்னையே இரண்டு தடவை பயிற்சிப் பாயில் படுக்கவைத்திருக்கிறார், மாணவர்கள் எதிரிலேயே. மாணவர்கள் அன்றைக்கு மிகவும் உற்சாகமாக இருந்தார்கள்! பாக்ஸிங்காரர் எதிரே நிற்கும்போது, இடுப்பிலிருந்து குத்து எடுப்பதெல்லாம் நமக்கே மறந்துபோய் இரண்டு கையும் தாமாக முகத்துக்கு ஏறிவிடும். பெரிய அமைப்பில் இருந்தால் போட்டிகளில் அந்நியர்களோடு மோதும் வாய்ப்பு தானாகவே கிடைத்துவிடும். நமக்கு அதைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. அமைப்புகளில் இருக்கும் காப்பீடு, முதலுதவிப் பயிற்சி, புகார் சொல்ல ஒரு இடம் இவையும் என்னிடம் இல்லை. முதலுதவியை மட்டும் வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். தனியாக வகுப்பு எடுக்கும் எல்லோரும் அதையாவது செய்ய வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று மறுபடி வரிசையில் நிறுத்துவதைவிட மோசமான காரியம் கிடையாது.

போட்டிக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளை நான் பிடித்துவைப்பதில்லை. கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் ஆடப்பட்டது, பாரிஸ் 2024-இல் எடுத்துவிட்டார்கள். டோக்கியோ போட்டியைப் பார்த்துத்தான் ஒரு பெண் என்னிடம் சேர்ந்தாள். அவளுக்குப் புள்ளி எடுக்கும் விளையாட்டுதான் வேண்டியிருந்தது. அதற்கான தூரம், கால்வேலை, நேரக்கணக்கு எல்லாம் வேறு. எனக்கு அது வராது. அது வருகிற ஒரு மாஸ்டரிடம் நானே அழைத்துப்போய்ச் சேர்த்தேன். இப்போது நன்றாக ஆடுகிறாள்.

வகுப்பைப் பெரிதாக்கலாம், ஹால் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. என்னிடம் நீண்ட நாள் பயின்ற, என்னைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே நான்கு பேருக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். என்னிடம் அனுமதி கேட்டார். எதற்கு அனுமதி, நடத்துங்கள் என்றேன். கொஞ்ச நாள் கழித்து அவர் பாடத்தின் வரிசையையே மாற்றிவிட்டார் என்று தெரிந்தது. நான் ஸ்டான்ஸில் ஆரம்பிப்பேன். அவர் விழுவதில் ஆரம்பிக்கிறார். முதல் சில வாரம் முழுக்க விழுவதும் எழுவதும்தான்.

"நிக்கவே தெரியாதவங்களுக்கு விழச் சொல்லித் தர்றீங்களே, அது எப்படிங்க?" என்று கேட்டேன்.

"மாஸ்டர், எங்கிட்ட வர்றவங்க எல்லாம் அம்பது தாண்டினவங்க. தெருவுல யாரும் எங்க மேல பாயப்போறதில்ல. பாத்ரூம்ல வழுக்கத்தான் போகுது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு. பிறகு அவருடைய மாணவிகள் இருவர் ஒருநாள் எங்கள் மாடிக்கு வந்து பாயில் விழுந்து காட்டினார்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது, தலை தரையில் படவே இல்லை, உள்ளங்கையிலிருந்து தோள்வரை கை முழுக்க ஒரே சமயத்தில் தரையைத் தட்டியது. என் மாணவர்கள் அவ்வளவு சுத்தமாக விழமாட்டார்கள். மேலே ஏதாவது ஒரு அமைப்பு இருந்து பாடத்திட்டம் அச்சடித்துக் கொடுத்திருந்தால், அவர் அதை மாற்ற எத்தனை கடிதம் எழுத வேண்டியிருந்திருக்குமோ.

இப்போது வாரம் ஒருமுறை என் வகுப்பின் முதல் கால்மணி நேரத்தை அவர் எடுக்கிறார். நானும் வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன். வலது பக்கம் தேறிவிட்டேன். இடது பக்கம் விழும்போது முழங்கை முந்திக்கொண்டு போய் ஊன்றுகிறது. நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் திறந்து, அவர் கையெழுத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அடிக்கவில்லை.